கிரியாட்டினின் தாளில் வயதையும் சேர்த்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சிறுநீரகத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சொல்லி எச்சரிக்கிறீர்கள். அது அவசியம்தான். ஆனால் சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை என்கிறவர்களுக்கும் வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் இறங்கிக்கொண்டு வரும். அதைத் தெரிந்துகொள்ளாததால் வயதானவர்கள் அனாவசியமாக ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்தில் நான் கண்டதை வைத்து இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். முடிந்தவரை வெட்டாமல் வெளியிடுங்கள்.

நான் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊர் நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டம். மேற்கே கொஞ்சம் போனால் வயநாடு, தெற்கே மலை இறங்கினால் நிலம்பூர். இங்கே தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களில் நிறையப் பேர், 1964-இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்கள். என் குடும்பமும் அப்படித்தான். அன்றைக்கு இளம்பெண்களாக வந்து கொழுந்து பறித்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. சரிவில் ஏறி இறங்கி முட்டி தேய்ந்து போனவர்கள். எடை பார்த்தால் பாதிப் பேர் நாற்பது கிலோவைத் தாண்ட மாட்டார்கள்.

இவர்களில் ஒருவர் என் சின்னம்மா. வயது 72, எடை 38 கிலோ. பிரஷருக்கு எனலாப்ரில் மாத்திரையும், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரையும் எடுத்து வந்தார். ஒரு தனியார் ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்ததில் கிரியாட்டினின் 1.1 என்று வந்தது. தாளின் ஓரத்தில் அச்சடித்திருந்த வரம்புக்கு உள்ளேதான் இருந்தது அந்த எண். “கிட்னி நல்லா இருக்கு பாட்டி, பயப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாளைக் காட்டித்தான் அவர் மருந்துக் கடையில் முட்டி வலிக்கு, பல மாத்திரைகளைச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் ‘செட்’ வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இந்த 1.1-ஐப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம்தான் அதை வடிகட்டி வெளியே தள்ளும்; வடிகட்டுவது குறைந்தால் இரத்தத்தில் அது ஏறும். தசை நிறைய இருந்தால் நிறைய வரும், குறைவாக இருந்தால் குறைவாக வரும். ஆய்வகத்தில் நாங்கள் செய்வது 1886-இல் மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த முறை. காரம் கலந்த மஞ்சள் பிக்ரேட் கரைசலில், இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரான சீரத்தை விட்டால் நிறம் செம்மஞ்சளாக மாறும். எவ்வளவு மாறுகிறது என்பதை இயந்திரம் அளந்து எண்ணாகக் காட்டும். அது எத்தனை வயதுக்காரரின் இரத்தம், அவர் உடம்பில் எவ்வளவு தசை இருக்கிறது என்பதெல்லாம் இயந்திரத்துக்குத் தெரியாது. அந்தக் கணக்கை மனிதர்கள்தான் போட வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். கிரியாட்டினின், வயது, ஆணா பெண்ணா என்ற மூன்றை மட்டும் வைத்து வடிகட்டும் வேகத்தை மதிப்பிடும் சூத்திரம் ஒன்று 2021-இல் திருத்தி வெளியிடப்பட்டது. அதன்படி 25 வயது ஆணுக்கு 1.1 என்றால் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 95 மில்லி. அதே 1.1 என் சின்னம்மாவுக்கு வந்தால் சுமார் 53 மில்லி. மருந்தின் அளவை முடிவு செய்ய 1976-லிருந்து புழக்கத்தில் இருக்கும் காக்கிராஃப்ட்–கால்ட் கணக்கில் எடையையும் சேர்ப்பார்கள். அதில் 38 கிலோவைப் போட்டால் 28-தான் வருகிறது. இரண்டு கணக்கும் உத்தேசம்தான். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் அந்த இளைஞனுக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதியோ அதற்கும் கீழேயோதான் அவருக்கு இருந்தது. தாளில் இரண்டு பேருக்கும் ஒரே எண்.

ஏன் இப்படிக் குறைகிறது? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் என்ற நுண்ணிய வடிகட்டும் அலகுகள் சராசரியாகப் பத்து லட்சம் இருக்கும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம். குழந்தை தாய் வயிற்றில் ஏறத்தாழ 36 வாரம் ஆகும்போதே அவை உருவாகி முடிந்துவிடும். அதற்குப் பிறகு புதிதாக ஒன்றுகூட வராது. எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே எண்ணிக்கை குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு நெஃப்ரானின் தலையிலும் குளோமருலஸ் என்ற மெல்லிய இரத்தக் குழாய்ச் சுருள் ஒன்று இருக்கிறது. வடிகட்டுவது அங்கேதான். இளவயதில் ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீர் இந்தச் சுருள்கள் வழியாக வடிந்து, அதில் ஒன்று ஒன்றரை லிட்டர் தவிர எல்லாம் திரும்ப உடம்புக்கே போய்விடுகிறது.

சிறுநீரகத்தைத் தானமாகக் கொடுக்க வந்த ஆரோக்கியமானவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. 18 முதல் 29 வயதுக்காரர்களுக்கு ஒரு சிறுநீரகத்தில் சுமார் 9,90,000 நல்ல குளோமருலஸ்கள் இருந்தன. 70 முதல் 75 வயதுக்காரர்களுக்குச் சுமார் 5,20,000. நோயாளிகள் இல்லை, தானம் கொடுக்கும் அளவுக்கு நல்ல உடம்போடு இருந்தவர்களுக்கே இந்த நிலை. மற்றவையெல்லாம் தழும்பாக இறுகி, பிறகு அடையாளமே இல்லாமல் கரைந்து போகின்றன.

அந்தச் சுருளை வெளிப்பக்கம் சுற்றிப் பிடித்துக்கொண்டு போடோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. கால் கால்களாக நீட்டி, குழாயை அணைத்தபடி உட்கார்ந்திருக்கும். அந்தக் கால்களுக்கு நடுவில் உள்ள நுண்ணிய இடுக்கு வழியாகத்தான் நீர் இறங்குகிறது. இரத்தத்தில் உள்ள புரதம் இறங்காமல் நிற்கிறது. இந்த செல்கள் தோல் செல் மாதிரி பிரிந்து பெருகுவதில்லை. ஒன்று கழன்று சிறுநீரில் போய்விட்டால் அந்த இடம் நிரம்புவது மிகவும் அரிது. எங்கள் மலையில் ஒருத்தி வேலைக்கு வராவிட்டால் அடுத்த நிரைக்காரி தன் நிரையோடு அவள் நிரையையும் சேர்த்துப் பறிப்பாள். அப்படித்தான் மிச்சம் இருக்கும் போடோசைட்டுகள் பெருத்து, விரிந்து, காலியான இடத்தையும் மூடப் பார்க்கின்றன. ஓர் அளவுக்கு மேல் முடியாது. குழாய்ச் சுவர் வெறுமையாகி, அந்த இடம் ஒட்டித் தழும்பாகிவிடும். சர்க்கரையும் உயர் இரத்த அழுத்தமும் இதை வேகப்படுத்தும். ஆனால் அவை இல்லாமலும் இது மெதுவாக நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இதற்காக எல்லா முதியவர்களையும் நோயாளி என்று சொல்ல நான் வரவில்லை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஒரே ஆட்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 1985-இல் வெளியிட்ட ஆய்வில், வடிகட்டும் வேகம் சராசரியாக வருடத்துக்கு முக்கால் மில்லி குறைந்தாலும் மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்குக் குறையவே இல்லை. வடிகட்டும் வேகம் 60-க்குக் கீழே மூன்று மாதம் இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று 2002-இல் வரையறுத்தார்கள். 65 வயதுக்கு மேல் அந்தக் கோட்டை 45-க்கு இறக்கலாம் என்று வாதிடும் நிபுணர்களும் இருக்கிறார்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகாமல், எண்ணும் வருடாவருடம் பெரிதாக இறங்காமல் இருந்தால் 55-ஐ வைத்துக்கொண்டு நிம்மதியாகக் காலம் தள்ளலாம். அதனால்தான் இரத்தத்தோடு சிறுநீரையும் பார்க்கச் சொல்கிறோம். இரத்தம் மட்டும் கொடுத்துவிட்டு, சிறுநீர் டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களை நான் எத்தனையோ முறை வாசல் வரை போய்க் கூப்பிட்டிருக்கிறேன்.

ஆபத்து எங்கே வருகிறது என்றால், கையிருப்பு குறைந்துபோன சிறுநீரகத்தின் மேல் திடீரென்று ஒரு பாரம் விழும்போது. எங்கள் மலையில் அந்தப் பாரம் எப்படி ஏறுகிறது என்று சொல்கிறேன்.

வயதான சிறுநீரகத்தால் சிறுநீரை இளவயதில் போலக் கெட்டியாக்க முடியாது. அதனால் இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்திருக்க வேண்டி வரும். பாடிகள் என்று நாங்கள் சொல்லும் தோட்டக் குடியிருப்புகளில் பல வீடுகளுக்குக் கழிப்பறை வெளியேதான். பலா பழுக்கும் காலத்தில் யானை வீட்டு வாசல் வரை வந்து நிற்கும். இரவில் வெளியே போன மனிதர் காலையில் பிணமாகக் கிடந்த கதை இங்கே ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. ஆகவே கிழவிகள் என்ன செய்கிறார்கள்? மாலை நாலு மணிக்கு மேல் தண்ணீரைத் தொடுவதே இல்லை. பகலில் மலைக்குப் போனால் அங்கே ஒதுங்க இடம் கிடையாது என்று வேலைக்குப் போன காலத்திலேயே தண்ணீரைக் குறைத்துப் பழகியவர்கள். வயதானால் தாகமும் சரியாகத் தெரியாது. ஜூன், ஜூலையில் தேவாலாவிலும் பந்தலூரிலும் கொட்டும் மழைக் குளிரில் தண்ணீர் குடிக்க யாருக்குத் தோன்றும்? சாயத்தண்ணி என்கிற பாலில்லாத தேநீர் ஒரு டம்ளரோடு பொழுது போய்விடும்.

இந்த வறண்ட உடம்புக்குள் வலி மாத்திரை போகிறது. உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய் சுருங்கிவிடாமல் விரித்து வைப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்ற சுரப்புகள். டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் அந்தச் சுரப்பைத்தான் நிறுத்துகின்றன. உள்ளே வரும் குழாய் சுருங்கிவிடும். எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் மாதிரியான பிரஷர் மாத்திரை வெளியே போகும் குழாயைத் தளர்த்தும். நீர் மாத்திரை உடம்பின் நீரை இன்னும் குறைக்கும். பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் தேவைப்பட்டவர்களுக்கு நல்ல மருந்துகள்தான், பிரஷர் மாத்திரை நாளடைவில் சிறுநீரகத்தைக் காப்பாற்றவே செய்யும். ஆனால் இரண்டும் இருக்கும் உடம்பில் மூன்றாவதாக வலி மாத்திரையும் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தமே இல்லாமல் போய்விடுகிறது. மருத்துவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கடையில் ‘செட்’ கட்டிக் கொடுக்கும் பையனுக்குத் தெரியாது.

என் சின்னம்மாவுக்கு நடந்தது இதுதான். ஆடி மழையில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அதற்கு நடுவிலும் பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, முட்டிக்கு ‘செட்’ எல்லாம் நேரத்துக்குப் போட்டார், மாத்திரையை விடக் கூடாது என்று சொல்லியிருந்ததால். மூன்றாம் நாள் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கூப்பிட்டால் கண் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். கிரியாட்டினின் 4.2. நாடுகாணி வழியாக மலை இறக்கிக் கேரளாவில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த இளம் மருத்துவர் தாளைப் பார்ப்பதற்கு முன்பே கேட்ட முதல் கேள்வி, “வேதனைக்குள்ள குளிக கழிச்சோ, அம்மே?” வலி மாத்திரை சாப்பிட்டீர்களா என்று மலையாளத்தில் கேட்டார். சின்னம்மா தலையாட்டினார். சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்த பொட்டலத்தை அவிழ்த்துக் காட்டினேன். பெயர் எழுதாத காகித உறை, உள்ளே வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பாதி உடைத்த சிறு மாத்திரை ஒன்று. வலி மாத்திரையும் வாயு மாத்திரையும் இருக்கலாம், ஒன்று ஸ்டீராய்டாகவும் இருக்கலாம் என்றார் அவர்.

எல்லா மாத்திரையையும் நிறுத்தி, குளுக்கோஸும் உப்பு நீரும் ஏற்றியதும், கிரியாட்டினின் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. ஆனால் 1.6-க்குக் கீழே வரவே இல்லை, இன்றைக்கும் அப்படித்தான். அங்கே கொடுத்த ஆய்வகத் தாளில் கிரியாட்டினினுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. வயதையும் சேர்த்துக் கணக்கிட்ட வடிகட்டும் வேகம். அந்த ஒரு வரி முதல் தாளிலேயே 53 என்று இருந்திருந்தால், அதைப் பார்த்த யாராவது ஒருவர் “வலி மாத்திரை போடுறீங்களா?” என்று கேட்டிருப்பார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. எங்களுக்குக் கிழக்கே முதுமலையை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் இருக்கின்றன. இந்தியா முழுக்க அந்த இனம் பெருமளவு அழிந்ததற்குக் காரணம், மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்று 2004-இல் நிரூபித்தார்கள். அந்த மாட்டின் இறைச்சியைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. 2006-இல் அரசாங்கம் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. மனிதருக்கான ஊசி மருந்தைப் பெரிய குப்பியில் விற்றால் மாட்டுக்குப் போடுகிறார்கள் என்று 2015-இல் அதையும் 3 மில்லிக்குள் சுருக்கினார்கள். மனிதரின் உடம்பு கழுகின் உடம்பு இல்லை. ஒரு மாத்திரையில் நமக்கு அப்படி ஆகாது. கழுகுக்காகச் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அதே மருந்தைக் காலையும் மாலையும் விழுங்கும் எழுபது வயதுப் பெண்களுக்காகவும் யாராவது இந்த அளவுக்கு முனைய வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கிரியாட்டினின் பார்க்கும் எந்த ஆய்வகமும், அரசு ஆனாலும் தனியார் ஆனாலும், வயதைச் சேர்த்த வடிகட்டும் வேகத்தை அடுத்த வரியில் அச்சிட வேண்டும் என்று சுகாதாரத் துறை ஓர் உத்தரவு போட்டால் போதும். புதிய கருவி வேண்டாம், புதிய ரசாயனம் வேண்டாம். வயதும் பாலினமும் ஏற்கெனவே ரசீதில் இருக்கின்றன. கணினி கணக்குப் போட்டுவிடும். ரொம்ப மெலிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்ற குறிப்பையும் சேர்க்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குத் தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின்-சி பரிசோதனை இருக்கிறது. விலை கூடுதல், எங்கள் பக்கம் எளிதில் கிடைப்பதும் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலாவது அதற்கு வழி செய்யலாம்.

டைக்ளோஃபினாக் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘எச்’ பட்டியல் மருந்து. சட்டம் இருக்கிறது. மலையோரத்துக் கடைகளில் அதைக் கேட்பார் இல்லை. பெயர் எழுதாத உறையில் மாத்திரையைப் பிரித்துக் கொடுப்பதையாவது உடனே நிறுத்த வேண்டும். எங்கள் அம்மாக்களுக்கு மருத்துவர் கேட்டால் சொல்ல ஒரு பெயராவது இருக்கும். முட்டி வலி பொய் இல்லை, அதைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அளவோடு பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், மேலே தடவும் மருந்து, தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி என்று வழிகள் இருக்கின்றன.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் பாடிக்கே வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். மழையில் அட்டைக் கடியோடு ஏறி வருகிறார்கள். அவர்கள் மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். வேறு என்ன மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கட்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் பிரஷர் மாத்திரையையும் நீர் மாத்திரையையும் தொடரலாமா என்று அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள் என்று சொல்லட்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். வடிகட்டும் வேகம் 30-க்குக் கீழே போனால் அதைக் கொடுக்கவே கூடாது. மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்துதான், அதனால்தான் கேளுங்கள் என்கிறேன்.

கழிப்பறையைப் பற்றி இதற்கு முன்பும் பலர் எழுதிவிட்டார்கள். வீட்டோடு சேர்ந்த கழிப்பறை வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும். சிறுநீரகத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் அதிகாரிகள் மேலே நான் எழுதியதை ஒரு முறை படித்துப் பார்க்கட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மார்ச் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை உலகச் சிறுநீரக நாள். அன்றைக்கு வழக்கமான கட்டுரையோடு, முதியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாத வலி மாத்திரைகளின் பொதுப் பெயர்களை ஒரு சிறுநீரக மருத்துவரிடம் சரிபார்த்து, கால் பக்கம் அளவுக்குப் பெரிய எழுத்தில் போடுங்கள். பாடிகளில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிக்கத் தெரிந்தவர்கள். கத்தரித்து மாத்திரை டப்பாவின் மூடிக்குள் ஒட்டி வைக்கச் சொல்வதை நானும் என்னோடு வேலை பார்த்தவர்களும் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்